புள்ளி வைத்த தாழ்ப்பாள்

பஸ் நிலையத்துக் கட்டணக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் நான்கு இரும்புக் கதவுகள் உண்டு. நான்கிலும் உள்தாழ்ப்பாள் கிடையாது. நான் டோக்கன் கிழிக்கும் வேலைக்கு வந்த நாளிலேயே, தாழ்ப்பாள் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஓட்டைகள்தான் இருந்தன. துணையோடு வந்தவர்கள் துணையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போவார்கள். தனியாக வந்தவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள். "அக்கா, கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்குங்களேன்!" ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அந்தக் குரல் கேட்கும். நகராட்சிக்கு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். கட்டட மேஸ்திரி வந்து பார்த்தார். "கதவு இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாரத்துக்கு ஒரு நாள், தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்காக மதியம் ஒரு மணி நேரம் மூடுவோம். அந்த நேரத்தில் நான் பிரார்த்தனைக்குப் போய்விட்டு வருவேன். அப்படி ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால், நான்கு கதவுகளிலும் தாழ்ப்பாள். புதிதாகப் பற்றவைத்த இரும்பின் வாடை இன்னும் போகவில்லை. குமிழ் நல்ல பெரிதாக இருந்தது. விரலால் பிடித்து இழுக்க வேண்டாம், மணிக்கட்டாலேயே தள்ளிவிடலாம். தொட்டி கழுவுகிறவரைக் கேட்டேன். "நான் மேல இருந்தேன், பார்க்கலையே" என்றார்.

நான்தான் செய்தேன் என்று யாரும் வந்து சொல்லவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வெல்டிங் கோட்டின் முடிவிலும் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி உருண்டு நின்றது. அப்படி வைக்கிறவர் எங்கள் ஊரில் ஒரே ஒருவர்தான்.

அவருடைய கொட்டகை எங்கள் கழிப்பறையின் பின்சுவரில் சாய்ந்து நின்றது. மேலே தகரம், மூன்று பக்கம் பழைய லாரியின் பலகை, நான்காவது பக்கம் எங்கள் சுவர். "கதவைப் பிடிச்சுக்குங்களேன்" என்ற குரல் பகலெல்லாம் அந்தச் சுவர் வழியாக அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் இந்தத் தாழ்ப்பாள். நான் போய் நன்றி சொன்னபோது, "என்னக்கா தாழ்ப்பாள்? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்று கண்ணாடியை இறக்கிக்கொண்டு தீப்பொறிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

என்னைவிட நாலைந்து வயது சின்னவர். கண் எப்போதும் சிவந்திருக்கும். சட்டையின் முன்பக்கமெல்லாம் பொறி பட்டுச் சல்லடை. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். "இவருக்குச் சட்டை தைச்சுக் குடுக்கிறதுக்கு மீன் வலையை வாங்கிப் போட்டுடலாம்க்கா, ஓட்டை ரெடியா இருக்கும்" என்பாள்.

அந்தப் புள்ளிக்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தடவை கேட்டேன், சொன்னார். "கோடு முடியிற இடத்துல வெல்டிங் ராடைச் சட்டுன்னு எடுத்தா அங்க ஒரு குழி விழும்க்கா. விரிசல் அங்கேருந்துதான் கிளம்பும். ஒரு மூச்சு நிறுத்தி, குழியை ரொப்பிட்டு எடுக்கணும்." மற்றவர்களும் ரொப்பத்தான் செய்வார்கள், ஆனால் தட்டையாக. இவருடையது மட்டும் உருண்டு திரண்டு நிற்கும். தேய்த்து மழுப்பவும் மாட்டார். அதனால் ஊரே அவரைப் புள்ளி என்று கூப்பிட்டது. கண்டக்டர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், அவர் டீக்கடைக்கு வந்தால், "வழி விடுங்கப்பா, பெரும்புள்ளி வர்றார்" என்பார்கள். அவரும் கழுத்துத் துண்டைத் தோளில் வீசிப் போட்டுக்கொண்டு மந்திரி மாதிரி நடந்து காட்டுவார்.

அந்த வருஷம் ஊரெங்கும் வயிற்றுப்போக்கு பரவியது. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் நடைபாதையில் பிள்ளைகளைக் கிடத்தியிருந்தார்கள். துணி வெளுக்கிறவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. அப்போதுதான் அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. பஸ் நிலையம், சந்தை, பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் கை கழுவும் மெஷின் வைக்கப் போகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது, உள்ளூர்க்காரர்களே செய்ய வேண்டும். செய்கிறவர்களுக்குத் தொழில் நடத்த அரசாங்கமே நிதி கொடுக்கும், தொழிற்பேட்டையில் இடமும் கொடுக்கும். டீக்கடை ரேடியோவில் கேட்டுவிட்டுப் புள்ளி ஓடி வந்தார்.

அந்த இடம்தான் அவருக்கு முக்கியம். பஸ் நிலையத்தை அகலப்படுத்தப் போகிறோம், வருஷக் கடைசிக்குள் கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்று அவருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. கொட்டகை போனால் தொழில் போயிற்று. வேறு எங்கே இடம் கேட்டாலும் கொடுக்க முடியாத வாடகை. மெஷின் தேறினால் பிழைப்பார், தேறாவிட்டால் ராடைத் தூக்கி எறிந்துவிட்டு மூட்டை தூக்கப் போக வேண்டும். எனக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

பதினைந்து நாளில் மெஷின் தயார். பழைய லாரி ஒன்றின் கிளட்ச் மிதி, ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், சைக்கிள் பிரேக் கம்பி, ஒரு ஸ்பிரிங். இடது மிதியை அழுத்தினால் சோப்புத் தண்ணீர் சொட்டும். வலது மிதியை அழுத்தினால் குழாயில் தண்ணீர் விழும். கையால் எதையும் தொட வேண்டியதில்லை. எனக்கு முட்டிவலி உண்டு. முதலில் என்னைத்தான் மிதிக்கச் சொன்னார். நான் முகத்தைச் சுளித்ததும் ஸ்பிரிங்கை மாற்றினார். மறுபடி மிதி, மறுபடி மாற்று. "உங்க முட்டி ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கும்க்கா" என்றார். ஆறாவது ஸ்பிரிங்கில் என் முட்டி ஒத்துக்கொண்டது.

விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். எனக்கு ஐந்தாவது வரை படித்த எழுத்து. முத்து முத்தாக எழுதினேன். 'தயாரிப்பாளர்' என்ற இடத்தில் அவர் பெயரை எழுதியபோது, குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இதுவா என் பேரு?" என்று கேட்டார்.

மெஷினைக் காட்ட வரச் சொன்ன நாளில் நானும் கூடப் போனேன். சுகாதார அலுவலகம் மூன்றாவது மாடி. லிப்ட்காரர், "இது ஆளுங்களுக்குத்தான், இரும்புக்கு இல்லை" என்றார். புள்ளி மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினார். மூன்றாவது மாடியில் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்து, "இதை எதுக்கு மேல கொண்டாந்தீங்க? சாமான் எல்லாம் கீழ வெச்சுத்தான் பார்வையிடுவாங்க" என்றார். மறுபடி தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். கீழே வெயிலில் மூன்று மணி நேரம் நின்றோம்.

சுகாதார அதிகாரி மதியச் சாப்பாடு முடித்த கையோடு வந்தார். நிஜமாகவே கையோடு. கழுவாத கை. அந்தக் கையை எங்கள் மெஷினில் கழுவினார். சோப்பை இரண்டு தடவை மிதித்து வாங்கினார், வாயும் கொப்பளித்தார். "தண்ணி நல்லா வருதே" என்றார். புள்ளியின் முகம் மலர்ந்தது.

"ஃபேக்டரி எங்க இருக்கு?"

"பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னாடி சார்."

"பின்னாடி ஃபேக்டரியா? அப்ப முன்னாடி ஹெட் ஆபீஸா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதிகாரியோடு வந்த ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே கீழே உட்கார்ந்து மிதியை ஆராய்ந்தார். அவரைக் கம்பெனிக்காரர் என்பார்கள். குழாய், பீங்கான், தொட்டி வியாபாரம். யாரைப் பார்த்தாலும் மச்சான் என்பார். "நல்ல கை மச்சான் உனக்கு" என்று புள்ளியின் முதுகில் தட்டினார். படிவத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். மெஷினையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஒரு மாதம் கழித்துப் போய்க் கேட்டபோது, "தள்ளுபடி" என்றார் குமாஸ்தா. மெஷின் எங்கே என்று கேட்டோம். அது மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களைச் சாய்த்து வைக்க உதவிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தது எனக்கு அப்போது தெரியாது. பின்னால் அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

கம்பெனிக்காரர் கொட்டகைக்கு வந்திருக்கிறார். அவருடைய கிடங்கில் நூற்றிருபது மெஷின்கள் பெட்டி பெட்டியாக இறங்கியிருந்தன. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அடித்தட்டில் வெளிநாட்டு எழுத்து புடைத்து நிற்கிறது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டு, 'உள்ளூர்த் தயாரிப்பு' என்ற தகட்டை அந்த இடத்தில் பற்றவைக்க வேண்டும். "இந்த ஒரு தடவை பண்ணிக் குடு மச்சான். அடுத்த தடவை உன் மெஷினையே நான் எடுத்துக்கறேன். கொட்டகை போனா என் கிடங்குல ஒரு மூலை உனக்கு."

அன்று புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டை.

"உங்க மெஷினைத் தள்ளிட்டாங்க. இப்ப அடுத்தவன் மெஷினுக்கு உங்க கையால பேர் வெக்கப் போறீங்களா?"

"தகடு ஒட்டுறதுதானே. தகட்டுல என் பேரா இருக்கு?"

"இல்லைங்கிறதைத்தான் நானும் சொல்றேன்."

"அந்த மூலையாவது கிடைக்கும். பேசாம இரு."

போனார். முதல் நாள் ஒரு மெஷினின் மிதியை மிதித்துப் பார்த்தாராம். மிதியைப் பற்றவைத்திருந்த இடம் மெல்லிசு, காகிதம் மாதிரி. "இது ஆறு மாசம் தாங்காது" என்று சொல்லியிருக்கிறார். கம்பெனிக்காரர் சிரித்தாராம். "போட்டோ எடுக்க ஒரு நாள் போதும் மச்சான்."

அதோடு விட்டிருக்கலாம். கூலி தகட்டுக்கு மட்டும்தான். ஆனால் புள்ளியால் விட முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் வெளியே போனதும், ஒவ்வொரு மிதிக்கும் அடியில் ஒரு இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்தார். மனைவி ஏன் என்று கேட்டதற்கு, "ஆயிரம் பேர் கால் வெக்கிற சாமான். ஒரு குழந்தை மிதிக்கும்போது உடைஞ்சு காலைக் கிழிச்சா?" என்றாராம். யாரும் கேட்காத வேலை, யாரும் கூலி தராத வேலை. நூற்றிருபது மெஷின். தகட்டில் நான்கு புள்ளி, மிதியில் இரண்டு புள்ளி.

அதில் இரண்டு மெஷின்கள் எங்கள் பஸ் நிலையத்துக்கு வந்தன. நிறம் வேறு, பீப்பாய்க்குப் பதில் பளபளவென்று தொட்டி. நான் குனிந்து துடைத்தபோது மிதிக்கு அடியில் புள்ளி தட்டுப்பட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்பக்கம் ஓடினேன்.

"தம்பி, இது உன் மெஷினா?"

அவர் கை துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் கை பட்டதுதான்க்கா" என்றார்.

அவருடைய மெஷினைத்தான் கம்பெனிக்காரர் வேறு பெயிண்ட் அடித்துத் தன் பெயரில் கொடுத்துவிட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து தினமும் பிரார்த்தனையில் அவருக்காக ஒன்று கேட்டேன். மேலே இருக்கிறவரே, இந்த வேலை யார் கையால் நடந்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும்படி செய்யும் என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

கேட்டது கிடைத்தது.

மூன்று மாதம் கழித்துத் தலைநகரத்திலிருந்து தணிக்கை அதிகாரி ஒரு அம்மா வந்தார். நல்ல மரியாதை தெரிந்தவர். கழிப்பறைக்குப் போகக் காசு கொடுத்து டோக்கன் வாங்கினார். எனக்கு வணக்கம் சொன்னார். பின்னால் கம்பெனிக்காரரும் சுகாதார அதிகாரியும் நின்றார்கள்.

"இந்த அக்காவைக் கேளுங்க மேடம்" என்றார் கம்பெனிக்காரர். "செத்தாலும் பொய் சொல்ல மாட்டாங்க. வாரம் தவறாம பிரார்த்தனைக்குப் போறவங்க."

அந்த அம்மா கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார். "இது யார் எழுத்துன்னு தெரியுமா உங்களுக்கு?"

என் எழுத்து. நான் நிரப்பிய அதே படிவம். புள்ளியின் போட்டோ, புள்ளியின் கையெழுத்து. மேலே பெரிய முத்திரை.

"நான் எழுதினதும்மா இது! இதைத் தள்ளுபடின்னு சொன்னாங்களே?"

"இல்லையே. நிதி அனுமதி ஆயிருக்கு. நூத்திருபது மெஷினுக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கம்பெனிக்காரருக்கே கடைசியில் மனசாட்சி வந்து உண்மையைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவரும் திருப்பிக் கும்பிட்டார்.

"இந்த மெஷின்கள்ல அவர் வேலை செஞ்சிருக்காரா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வாங்கம்மா, காட்டறேன்." முட்டிவலியை மறந்து தரையில் உட்கார்ந்தேன். மிதியைத் தூக்கிப் புள்ளியைக் காட்டினேன். அடித்தட்டில் தகட்டின் நான்கு மூலையிலும் புள்ளியைக் காட்டினேன். "ஊர்ல வேற யாரும் இப்படி வெக்க மாட்டாங்கம்மா. சந்தேகம்னா உள்ள வாங்க." பெண்கள் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நான்கு தாழ்ப்பாளையும் காட்டினேன். "இதும் அவர் செஞ்சதுதான். பாருங்க, அதே புள்ளி. ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது."

அந்த அம்மா ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். நான் சொன்னதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டார். போகும்போது, "ரொம்ப உதவி பண்ணீங்க" என்றார். நான் பின்பக்கம் போய்ப் புள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாஸ் ஆகிவிட்டது தம்பி, உன் பெயரிலேயே ஆகியிருக்கிறது என்றேன். அவர் கையிலிருந்த ராடைக் கீழே வைத்தார். "தாழ்ப்பாளையும் காட்டினீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் போலீஸ் வந்தது.

அந்தப் படிவத்தை யாரும் தள்ளுபடி செய்யவே இல்லை. எடுத்து வைத்துக்கொண்டார்கள். உள்ளூர்த் தயாரிப்பாளர் ஒருவர் வேண்டுமே, காகிதத்தில். தயாரிப்பாளர் புள்ளி, வாங்கி விற்றவர் கம்பெனிக்காரர், அவ்வளவுதான். வெளிநாட்டுச் சரக்கென்று தலைநகரத்தில் தெரிந்துபோனதும் கம்பெனிக்காரர், "நானே ஏமாந்துட்டேன் மேடம். இவர் செஞ்சதுன்னு நம்பி வாங்கினேன்" என்றார். நிதி போய்ச் சேர்ந்த இடம் எது என்று யாரும் தோண்டவில்லை. தகட்டை மாற்றியது யார் என்பதற்கு மட்டும் சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சி தரையில் உட்கார்ந்து மிதியைத் தூக்கிக் காட்டிவிட்டது.

தாழ்ப்பாள்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். கிரைண்டரால் அறுத்தபோது உள்ளே ஒரு பெண் இருந்தாள். அவளை அவசரப்படுத்தி வெளியே வரச் சொன்னார்கள். நான்கு தாழ்ப்பாளையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, நம்பர் எழுதி, அரக்கு வைத்தார்கள்.

வழக்கு நடந்த அன்று நானும் போயிருந்தேன். நீதிபதி புள்ளியைக் கேட்டார்.

"இந்த மெஷினையெல்லாம் செஞ்சது நீங்களா?"

"இல்லைங்க. எனக்குச் செய்யத் தெரியும். ஆனா இதைச் செய்யலை."

"தகடு?"

"நான்தான் ஒட்டினேன்."

"மிதியில இருக்கிற வெல்டிங்?"

"அதும் நான்தான். சீக்கிரம் உடைஞ்சிடும்னு பத்த வெச்சேன்."

அரசாங்க வக்கீல் எழுந்தார். "யார் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"கூலி?"

"இல்லைங்க."

வக்கீல் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "யாரும் சொல்லாம, கூலி வாங்காம, நூத்திருபது மெஷினுக்கு இவர் தர்மம் பண்ணியிருக்கார். நாம எல்லாரும் நம்பணும்." சிரிப்பு எழுந்தது. சுகாதார அதிகாரியும் சிரித்தார். அவர் கை கழுவிய மெஷினைச் செய்த கையைத்தான் அப்போது கூண்டில் நிறுத்தியிருந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன். "ஐயா, அவர் அப்படித்தான்! யாரும் கேக்காமலே செய்வார். எங்க கழிப்பறையில நாலு தாழ்ப்பாள், ஒரு காசு வாங்காம, யார்கிட்டயும் சொல்லாம..."

"ஓ" என்றார் வக்கீல். "அரசாங்கக் கட்டடத்துல அனுமதி இல்லாம வேலை செஞ்சதும் இவர்தானா? நல்லதும்மா." அதையும் எழுதிக்கொண்டார்கள். புள்ளி கண்ணை மூடிக்கொண்டார்.

பதினெட்டு மாதம் தண்டனை. அரசாங்க வேலை எதையும் இனித் தொடக் கூடாது என்று தடை. வருஷக் கடைசிக்கு முன்பே கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அகலப்படுத்துவதாகச் சொன்ன பஸ் நிலையம் இன்றுவரை அதே அகலம்தான். அந்த இடத்தில் இப்போது பஸ் டயர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாகத் தாண்டிப் போவாள். ஒருநாள் நானே போய்க் கையைப் பிடித்தேன். உதறவில்லை. நடந்தது எல்லாவற்றையும் அன்றுதான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "நீங்க வேணும்னு பண்ணலைன்னு தெரியும். வேணும்னு பண்ணியிருந்தா திட்டியாவது தீர்த்திருப்பேன்" என்றாள்.

மெஷின்களை அரசாங்கம் திருப்பி அனுப்பவில்லை. வைத்தது வைத்தபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டது. ஒரு வருஷம் கழித்து ஆய்வுக்கு வந்தவர்கள், நூற்றிருபதில் ஒன்றுகூட மிதி உடையவில்லை, சரக்கு தரமானது என்று எழுதிப்போனார்கள். அதை வைத்து அடுத்த திட்டத்தையும் கம்பெனிக்காரருக்கே கொடுத்தார்கள். எங்கள் பஸ் நிலையத்தில்தான் விழா. மேடைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தேன். "நல்லா இருக்கீங்களா அக்கா?" என்று கம்பெனிக்காரர் விசாரித்தார். மேலே இருக்கிறவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நான் நம்புகிறவள். அன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

பதினெட்டு மாதம் முடிந்து புள்ளி வெளியே வந்த அன்று மதியம் பஸ் நிலையத்துக்கு வந்தார். மனைவி இரண்டு பைகளோடு கூட வந்தாள். வேறு ஊருக்குப் போகிறார்கள், அவளுடைய அண்ணன் ஒரு செங்கல் சூளையில் வேலை சொல்லி வைத்திருக்கிறான். புள்ளி பாதியாகியிருந்தார். சட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

"உள்ள வெல்டிங் பட்டறை இருந்துச்சாம்க்கா" என்றாள் மனைவி. "கேட் எல்லாம் செஞ்சிருக்கார். புள்ளி வெக்கிறதே இல்லையாம். முடிச்சதும் தேய்ச்சு எடுத்துடுவாராம்."

அவர் காசு கொடுத்தார். நான் வாங்க மாட்டேன் என்றேன். "வாங்குங்கக்கா. டோக்கன் இல்லாம உள்ள போனேன்னு அதுக்கு ஒரு கேஸ் போடுவாங்க" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டோக்கனைக் கிழித்துக் கொடுத்தேன். போய்விட்டு வந்து, மெஷினில் கை கழுவினார். வலது மிதியை மிதித்தபோது காலால் அடியில் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். உறுதியாக இருந்தது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல். "அக்கா, கொஞ்சம் கதவைப் பிடிச்சுக்குங்களேன்!"

அவர் நிமிர்ந்தார். "தாழ்ப்பாளைத் திருப்பித் தரலையா?"

"இல்லை தம்பி. சாட்சிப் பொருளாம். கோர்ட்டுலயே இருக்கு."

அவர் கை தானாகப் பையைத் தொட்டது. பைக்குள் துணிதான் இருந்தது. வெல்டிங் மெஷின், ராடு, கண்ணாடி எல்லாம் எப்போதோ விற்றுப் போயிற்று. கையை எடுத்துக்கொண்டார்.

பஸ் ஹாரன் அடித்தது. மனைவி ஏறிவிட்டாள். உள்ளே அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் போக முடியாமல் நான் நின்றேன். மன்னித்துவிடு தம்பி என்று சொல்ல நினைத்து ஒன்றரை வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தம்பி, நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையமர்த்தினார். பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கோபம் இல்லாமல், குழியை எப்படி ரொப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அதே குரலில் சொன்னார்.

"இனிமே யாராவது வந்து என்னைத் தெரியுமான்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடுங்கக்கா. ஒரே ஒரு பொய்தானே. உங்க மேல இருக்கிறவர் மன்னிச்சுடுவார்."